பிளாஸ்டிக் நுண்துகள்களால் என் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து?

உங்கள் கேள்வியில் மூன்று செய்திகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு எடையுள்ள பிளாஸ்டிக்கை உட்கொள்கிறோம் என்பது ஒன்று. மனித மூளையில் ஒரு கரண்டி அளவுக்குப் பிளாஸ்டிக் இருந்தது என்பது இன்னொன்று. பால் புட்டியிலிருந்து லட்சக்கணக்கான துகள்கள் பாலில் கலக்கின்றன என்பது மூன்றாவது. எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இவற்றைப் படித்ததாகவும், ஆபத்து எவ்வளவு என்று ஓர் எண்ணாகச் சொல்ல முடியுமா, முடியாதென்றால் அது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் உடலுக்குள் போகிறதா என்பது உங்கள் ஐயம் அன்று, அது போகிறது. போகிற அளவு தீங்கு செய்யப் போதுமானதா என்பதுதான் நீங்கள் கேட்பது. நான் நஞ்சியல் படித்தவன். உணவிலும் குடிநீரிலும் கலக்கும் மாசுகளுக்கு இடர் மதிப்பீடு செய்வதே பல ஆண்டுகளாக என் வேலை. மருத்துவன் அல்லன். ஆகவே குழந்தையின் உடல்நிலையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அந்த எண் எப்படிக் கிடைக்க வேண்டும், இப்போது எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

முதலில், நன்றாகத் தெரிந்த ஒரு மாசை எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரே பொருள். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று எந்த நல்ல ஆய்வகமும் அளந்து சொல்லிவிடும். அது அதிகமானால் பல்லில் கறை விழும், மேலும் அதிகமானால் எலும்பு பாதிக்கப்படும் என்பது பல்லாயிரம் மனிதர்களைப் பார்த்து அறிந்த உண்மை. அதனால்தான் இந்தியத் தரநிலை, லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று துணிந்து சொல்கிறது. இந்த எண்ணுக்குப் பின்னால் நான்கு கேள்விகளுக்கான விடை இருக்கிறது: இந்தப் பொருள் என்ன தீங்கு செய்யவல்லது, எந்த அளவில் அந்தத் தீங்கு தொடங்குகிறது, மக்கள் உண்மையில் எவ்வளவு உட்கொள்கிறார்கள், இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது. விலங்குச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க நேரும்போது, விலங்குக்குத் தீங்கு தராத அளவை வழக்கமாக நூறால் வகுப்போம். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து.

பிளாஸ்டிக் துகள்களில் இந்த நான்கு கேள்விகளுமே ஏதோ ஒரு வகையில் சிக்கலாகின்றன. காரணம், அது ஒரு பொருள் அன்று. 5 மில்லிமீட்டரிலிருந்து 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை உள்ள எல்லாவற்றையும் நுண்பிளாஸ்டிக் என்கிறோம். அதற்கும் கீழே உள்ளவை நானோ பிளாஸ்டிக். இந்த மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையே ஐயாயிரம் மடங்கு வேறுபாடு. ஒரு கடுகுக்கும் பத்து மீட்டர் உயர்ந்த தென்னைக்கும் ஒரே பெயர் வைத்தது போன்றது இது. இதற்குள் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன், நைலான் என்று பல வகைகள். உருண்டை, இழை, செதில் என்று பல வடிவங்கள். ஒவ்வொன்றிலும் தயாரிப்பாளர் சேர்த்த வெவ்வேறு வேதிப்பொருள்கள். உடல் இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி எதிர்கொள்ளும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இனி உட்கொள்ளும் அளவுக்கு வருகிறேன். கிரெடிட் கார்டு கணக்கு, ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2019இல் வெளியிட்டது. பின்னர் ஆய்விதழில் வந்தபோது அதே ஆய்வாளர்கள் வாரத்துக்கு 0.1 கிராம் முதல் 5 கிராம் வரை என்றே எழுதினார்கள். மக்கள் மனத்தில் தங்கியது மேல் எல்லை மட்டுமே. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகக் குழு 2021இல் வேறு முறையில் கணக்கிட்டது. மீன், சிப்பி, உப்பு, பால், குழாய் நீர், புட்டி நீர், காற்று முதலான ஒன்பது வழிகளைச் சேர்த்து, பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு நடுத்தரமாக 883 துகள்களை உட்கொள்கிறார் என்றும், அவற்றின் எடை 583 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றும் கண்டார்கள். வாரத்துக்கு 5 கிராம் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 71 கோடி நானோகிராம். ஆக, இரு கணக்குகளுக்கும் இடையே பன்னிரண்டு லட்சம் மடங்கு வேறுபாடு. இரண்டாவது கணக்கின் முறை எனக்கு மிகவும் நம்பகமாகப் படுகிறது. ஆனால் அதிலும் குறை உண்டு. அரிசி, பருப்பு, காய்கறி போன்ற அன்றாட உணவுகளுக்குத் தரவு இல்லாததால் அவை சேர்க்கப்படவில்லை. 1 மைக்ரானுக்குக் கீழுள்ள துகள்களும் சேரவில்லை. எனவே உண்மை அளவு 583 நானோகிராமைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது கிரெடிட் கார்டு வரை உயரும் என்று கொள்வதற்கு எந்த ஆதாரத்தையும் நான் பார்த்ததில்லை.

எண்ணிக்கைக்கும் எடைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டால் செய்திகளில் பாதியைச் சரியாகப் படித்துவிடலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2024 ஜனவரியில், புட்டி நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள் இருப்பதாகவும், அவற்றில் பத்தில் ஒன்பது நானோ பிளாஸ்டிக் என்றும் வெளியிட்டார்கள். கடுமையான உழைப்பில் விளைந்த நல்ல ஆய்வு அது. நம் சர் சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலின் நவீன வடிவம் ஒன்றைக் கொண்டுதான் அத்தனை சிறிய துகள்களைப் பிரித்தறிந்தார்கள். ஆனால் 0.2 மைக்ரான் விட்டமுள்ள 2,40,000 உருண்டைகளை எடை போட்டால் மொத்தம் ஏறத்தாழ 1 நானோகிராம்தான் வரும். கண்ணுக்கு மங்கலாகத் தெரியக்கூடிய 100 மைக்ரான் துகள் ஒன்றே ஒன்று 500 நானோகிராம் இருக்கும். எனவே லட்சம், கோடி என்று வரும் எண்கள் அளவின் பெருக்கத்தைக் காட்டுவதில்லை; கருவி எவ்வளவு சிறியதைப் பார்க்கிறது என்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. இதைச் சொல்லிவிட்டு உடனே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: எடை குறைவு என்பதால் தீங்கு குறைவு என்று முடிவு கட்ட முடியாது. குடலின் சுவரைக் கடந்து உள்ளே போகும் வாய்ப்பு மிகச் சிறிய துகள்களுக்கே அதிகம். எடையால் அளப்பதா, எண்ணிக்கையால் அளப்பதா, மொத்தப் பரப்பால் அளப்பதா என்பதிலேயே எங்கள் துறையில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. ஃபுளோரைடில் இந்தக் கேள்வியே எழாது.

அளப்பது எவ்வளவு கடினம் என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூளைச் செய்தியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நாம் உடுத்தும் பாலியெஸ்டர் சட்டையிலிருந்தும் ஆய்வக மேசையின் பூச்சிலிருந்தும் துகள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. மாதிரியைப் பிளாஸ்டிக் குப்பியில் எடுத்தால் அந்தக் குப்பியும் கணக்கில் சேரும். ஆய்வாளர் அணியும் கையுறையில் இருக்கும் ஸ்டியரேட் என்ற வழுவழுப்புப் பொருள், துகளின் மேல் ஒளி பாய்ச்சிப் பெறும் நிறமாலையில் பாலிஎத்திலீன் போலவே தோன்றும். குடிநீரையும் அதன் நன்னீர் ஆதாரங்களையும் பற்றி வெளிவந்திருந்த ஐம்பது ஆய்வுகளின் தரத்தை 2019இல் மதிப்பிட்டபோது, வகுத்த எல்லா அளவுகோல்களையும் நிறைவு செய்தவை நான்கு மட்டுமே. நீருக்கே இப்படியென்றால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நிலைமை இன்னும் கடினம். அங்கே பெரும்பாலும் பயன்படுவது, மாதிரியைப் பெரும் வெப்பத்தில் சிதைத்து, வெளிவரும் வாயுக்களின் துண்டுகளைக் கொண்டு எந்தப் பிளாஸ்டிக் என்று அடையாளம் காணும் முறை. பாலிஎத்திலீன் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. நம் உடலின் கொழுப்பிலும் நீண்ட கார்பன் சங்கிலிகள் உண்டு. கொழுப்பை முழுமையாக நீக்காமல் சூடாக்கினால், இரண்டிலிருந்தும் ஒரே மாதிரியான துண்டுகள் வரும்.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் 2025இல் வெளியிட்ட ஆய்வில், 2024இல் இறந்தவர்களின் மூளைத் திசுவில் கிராமுக்கு நடுத்தரமாக 4,917 மைக்ரோகிராமும் (ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் நானோகிராம்), 2016இல் இறந்தவர்களிடம் 3,345 மைக்ரோகிராமும் பிளாஸ்டிக் இருந்ததாகக் கண்டிருந்தார்கள். மிகுந்த கவனம் பெற்ற ஆய்வு அது. பெரும்பகுதி பாலிஎத்திலீன் என்றே பதிவாகியிருந்தது. மூளையோ உடலிலேயே கொழுப்பு மிகுந்த உறுப்புகளில் ஒன்று. இதை வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நான் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 1,300 கிராம் மூளைக்கு இந்த அளவைப் பெருக்கினால் 6 கிராமுக்கு மேல் வருகிறது. நாளொன்றுக்கு 583 நானோகிராம் உட்கொண்டு, அதில் ஒரு துளியும் வெளியேறாமல் முழுவதும் மூளைக்கே போய்ச் சேர்ந்தாலும், 6 கிராம் சேர முப்பதாயிரம் ஆண்டுகள் ஆகும். உட்கொள்ளும் அளவை நாம் ஆயிரம் மடங்கு குறைவாக மதிப்பிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டாலும், உட்சென்றதெல்லாம் மூளையில் மட்டுமே தங்குவதற்கு வழியில்லை. இரண்டு அளவீடுகளில் ஏதோ ஒன்று பெரிதும் தவறு. மூளை அளவீடுதான் தவறியிருக்கக் கூடும் என்பது என் கணிப்பு. ஆனால் இது கணிப்புதான், நிரூபணம் அன்று. ஆம்ஸ்டர்டாமில் 2022இல் 22 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்து 17 பேரிடம் பிளாஸ்டிக் கண்டதாக வந்த முன்னோடி ஆய்வையும் இதே அளவுகோலால் பார்க்கிறேன். சராசரி மில்லிலிட்டருக்கு 1.6 மைக்ரோகிராம், ஐந்து லிட்டர் இரத்தத்தில் 8 மில்லிகிராம். மூளைக் கணக்கைப் போல மலைப்பாக இல்லாவிட்டாலும், இதுவும் உட்கொள்ளும் அளவோடு எளிதில் பொருந்தவில்லை. உடலுக்குள் சில துகள்கள் சென்று சேர்கின்றன என்பதை நான் ஏற்கிறேன். எவ்வளவு என்பதற்கு இன்று தரப்படும் எண்களை ஏற்கத் தயங்குகிறேன்.

விழுங்கியதெல்லாம் உடலில் தங்குவதில்லை. 150 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் குடலைக் கடக்காமல் மலத்தோடு போய்விடும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதற்குக் கீழுள்ளவற்றிலும் மிகச் சிறு பங்கே, அதிகம் போனால் 0.3 விழுக்காடு, உள்ளே நுழையும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் மதிப்பிட்டது, ஏறத்தாழ 1.5 மைக்ரானுக்கும் சிறியவையே உறுப்புகளுக்குள் ஆழமாகச் செல்லும். ஐயம் எழுவது நானோ அளவில்தான். அங்கே மதிப்பீட்டுக்குத் தேவையான அளவீடுகளே போதவில்லை.

எந்த அளவில் தீங்கு தொடங்குகிறது என்ற கேள்வியில் நிலைமை இன்னும் மோசம். எலிகளிலும் திசு வளர்ப்பிலும் அழற்சி, செல்களுக்கு நெருக்கடி, குடல் நுண்ணுயிர் மாற்றம் எல்லாம் காட்டப்பட்டிருக்கின்றன. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய, பளபளப்பான, ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீன் மணிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. நாம் உண்மையில் உட்கொள்வது வெயிலில் நைந்த, ஒழுங்கற்ற பாலிஎத்திலீன் செதில்களும் பாலியெஸ்டர் இழைகளும். அந்த மணிகள் கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு என்ற நஞ்சும் கரைசலில் சேர்க்கப்படுவதுண்டு; அதைக் கழுவி நீக்காமல் செய்த சோதனையில் செல்கள் இறந்தால், கொன்றது மணியா அசைடா என்று சொல்ல முடியாது. கொடுக்கப்படும் அளவும் நாம் உட்கொள்வதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருப்பது வழக்கம். தீங்கு செய்யும் ஆற்றல் இருக்கிறதா என்பதை அறிய அப்படிச் செய்வது தவறன்று. ஆனால் அந்த முடிவைக் கொண்டு உங்கள் குழந்தைக்கான எண்ணை வகுத்தெடுக்க முடியாது.

பிளாஸ்டிக் துகள் மனிதருக்குத் தீங்கு செய்ததாக உறுதியாகத் தெரிந்த இடங்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. இந்த விவாதங்களில் அவற்றை யாரும் நினைவூட்டுவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஒன்று செயற்கை மூட்டு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையை உருவாக்கியபோது முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். அது வேகமாகத் தேய்ந்து, உதிர்ந்த துகள்களைச் சுற்றிக் கடும் அழற்சி உண்டானது. 1962இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதுவும் மெதுவாகத் தேய்ந்தது. உதிர்ந்த நுண்துகள்களை நம் உடலின் துப்புரவுச் செல்கள் விழுங்கின. செரிக்க முடியாமல் அழற்சியைத் தூண்டும் வேதிச் சமிக்ஞைகளை வெளியிட்டன. அவை எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கின. பத்து, இருபது ஆண்டுகளில் எலும்பு அரித்து மூட்டு தளர்ந்தது. தேய்மானம் குறைந்த புதிய பாலிஎத்திலீன் வந்த பிறகே இந்தச் சிக்கல் தணிந்தது. இன்னொன்று மூச்சு வழி. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மெத்தை துணிகளுக்கு வெல்வெட் போன்ற மேற்பரப்பு தருவதற்காக நைலான் இழைகளை மிகச் சிறிதாக வெட்டும் ஆலையின் தொழிலாளர்களுக்கு நுரையீரல் திசு நோய் வந்ததை 1998இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மற்றபடி மந்தமான, எதனோடும் வினைபுரியாத பொருள் என்று கருதப்படும் பிளாஸ்டிக், போதிய அளவில், போதிய சிறிய வடிவில், நீண்ட காலம் ஓரிடத்தில் தங்கினால் தீங்கு செய்யும் என்பதற்கு இவ்விரண்டுமே மறுக்க முடியாத சான்றுகள். 'பிளாஸ்டிக் துகள் ஒன்றும் செய்யாது' என்று சொல்பவர்களை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. ஆனால் மூட்டில் உதிர்வதும் ஆலையில் சுவாசிப்பதும் நம் சாப்பாட்டுத் தட்டில் இருப்பதைவிட மிகப் பெரிய அளவுகள்.

பொதுமக்களைப் பற்றிய ஆய்வுகளில் நான் மிகவும் மதிப்பது இத்தாலியிலிருந்து 2024 மார்ச்சில் வந்தது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை செய்து நீக்கிக்கொண்ட 257 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நீக்கிய படிவில் 150 பேரிடம் பாலிஎத்திலீன் கண்டறியப்பட்டது. அவர்களில் 30 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு, மாரடைப்போ பக்கவாதமோ வந்தது அல்லது அவர்கள் இறந்துபோனார்கள். பிளாஸ்டிக் காணப்படாத 107 பேரில் 8 பேருக்கே அப்படி நேர்ந்தது. வயது, நீரிழிவு போன்றவற்றைச் சரிக்கட்டிய பிறகும் ஆபத்து நான்கரை மடங்கு. இத்தனை பெரிய தொடர்பு வந்தால் எந்த நஞ்சியலாளனும் நிமிர்ந்து உட்காருவான், நானும் உட்கார்ந்தேன். ஆனால் பிளாஸ்டிக்தான் காரணம் என்று இது நிறுவவில்லை. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. வீங்கிப் பழுதான படிவுகள் துகள்களை எளிதில் பிடித்து வைத்திருக்கலாம். அறுவை அறையிலிருந்து துகள் கலந்திருக்கலாம். பிளாஸ்டிக்கோடு அதிகம் புழங்கும் வாழ்க்கை முறையில் வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். நான் முன்சொன்ன கொழுப்புக் குழப்பமும் இங்கே பொருந்தும். வேறு நாடுகளில், வேறு ஆய்வகங்களில் இதே முடிவு திரும்பக் கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். எல்லோரும் காத்திருப்பது அதற்காகத்தான்.

துகளை விட்டுவிட்டு அதிலிருந்து கசியும் வேதிப்பொருள்களை மட்டும் எடுத்தால், நம் பழைய முறைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. சில கடின பிளாஸ்டிக்குகளிலும் உணவு டப்பாக்களின் உள்பூச்சிலும் இருக்கும் பிஸ்பீனால் ஏ என்ற பொருளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரை பாதுகாப்பு என்றிருந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2023இல் அதை 0.2 நானோகிராமாக, இருபதாயிரம் மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அத்தனை குறைக்கத் தேவையில்லை என்று மாறுபட்டது. நிபுணர்கள் இவ்வளவு தள்ளி நிற்பது உங்களுக்குக் கலக்கம் தரலாம். எனக்கு இது ஆறுதல், ஏனென்றால் இங்கே வாதம் செய்ய ஓர் எண் இருக்கிறது. இந்தப் பொருள்கள் நமக்கு வந்து சேர்வதில் விழுங்கும் துகள்களின் பங்கு சிறிது. உணவு படும் பாத்திரமும் பொட்டலமும் நேரடியாகக் கசியவிடுவதே பெரும்பங்கு.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் குடிநீரைப் பற்றியும் 2022இல் உணவையும் காற்றையும் சேர்த்தும் இந்தச் சான்றுகளை எடைபோட்டது. இன்றைய தரவு முழுமையான இடர் மதிப்பீட்டுக்குப் போதாது என்பதே இரண்டாம் அறிக்கையின் சாரம். கலிஃபோர்னியா மாநிலம் 2018இல் சட்டமே இயற்றிக் குடிநீரில் துகள்களை அளக்க முனைந்தது. ஆனாலும் மனித உடல்நலத்துக்கான வரம்பு எண் ஒன்றை நிபுணர் குழுவால் உறுதியாக வகுக்க முடியவில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை, அந்த எண் இன்று யாரிடமும் இல்லை, உங்களுக்கு யாராவது ஓர் எண் சொன்னால், அது பயமுறுத்துவதாயினும் ஆறுதல் தருவதாயினும், நம்ப வேண்டாம். ஓர் ஒப்பீடு மட்டும் தர முடியும். நம் நாட்டுத் தர வரம்பான கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் நுண்தூசி உள்ள காற்றைப் பெரியவர் ஒருவர் நாளெல்லாம் சுவாசித்தால் அறுநூறு மைக்ரோகிராம் தூசி உள்ளே போகிறது. வாகனிங்கன் கணக்கின் பிளாஸ்டிக்கைப் போல ஆயிரம் மடங்கு. அந்தத் தூசி ஆயுளைக் குறைக்கிறது என்பதில் ஐயமே இல்லை. துகளுக்குத் துகள் இரண்டும் சமம் அல்ல. என்றாலும் வீட்டு வாசலில் குப்பை எரிப்பதையும் அடுக்களைப் புகையையும் தடுப்பது குழந்தைக்கு உறுதியான பயன் தரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது பால் புட்டி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர் 2020இல் பாலிபுரொப்பிலீன் புட்டிகளைச் சோதித்து, 70 பாகை செல்சியஸ் நீரில் பால் கலக்கும் வழக்கமான முறையில் லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் துகள்கள் வரை வெளிவரக் கண்டார்கள். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வெப்பத்தின் பங்கு: 25 பாகை நீரில் லிட்டருக்கு 6 லட்சமாக இருந்தது 95 பாகை நீரில் 5 கோடியே 50 லட்சமானது. கரக்பூர் ஐஐடியில் அதே ஆண்டு, உள்பூச்சுள்ள காகிதக் கோப்பையில் 100 மில்லி சுடுநீரைக் கால் மணி நேரம் வைத்தபோது 25,000 துகள்கள் வந்ததும் இதையே காட்டுகிறது. பிளாஸ்டிக்கோடு சூடு சேரும் இடம்தான் நாம் எளிதில் மாற்றக்கூடிய இடம். தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்றாலும், செலவில்லாமல் குறைக்க முடிகிற ஒன்றைக் குறைப்பதில் தவறில்லை. குழந்தையின் உடல் எடைக்கு அது உட்கொள்வது நம்மைவிட அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு தவறு நேர்ந்துவிடக் கூடாது. துகள்களுக்குப் பயந்து பால் மாவை வெதுவெதுப்பான நீரில் கலக்க வேண்டாம். மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. 70 பாகைக்குக் குறையாத நீரில் கலக்கச் சொல்வது அதிலுள்ள கிருமிகளைக் கொல்லத்தான். அந்தக் கிருமிகளின் ஆபத்து நிரூபிக்கப்பட்டது, உயிருக்கே உலை வைப்பது. ஆகவே எவர்சில்வர் பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, அதிலேயே மாவைக் கலந்து, கைச்சூட்டுக்கு ஆறிய பிறகு புட்டியில் ஊற்றுங்கள், உடனே கொடுத்துவிடுங்கள். புட்டியைக் கொதிநீரில் சுத்தம் செய்வதையும் நிறுத்த வேண்டாம். கொதித்த பிறகு, தனியே கொதிக்கவைத்து ஆற்றிய நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள், உதிர்ந்த துகள்களில் பெரும்பகுதி போய்விடும். புட்டியைப் பாலோடு சேர்த்துச் சூடுபடுத்துவதும், மைக்ரோவேவில் வைப்பதும், மூடி வேகமாகக் குலுக்குவதும் வேண்டாம். எட்டு மாதக் குழந்தைக்குப் புட்டியே கட்டாயம் இல்லை. நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையோ, விளிம்பு மழுங்கிய சிறு எவர்சில்வர் டம்ளரோ போதும், கழுவுவதும் எளிது.

கேன் தண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊர்க் குழாய் நீர் நம்பத் தகுந்ததாக இல்லையென்றால் கேனை நிறுத்த வேண்டாம்; கிருமி கலந்த நீரோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் துகள் சிறிய கவலை. வெயிலில் கிடந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள், வந்ததும் எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடுங்கள். உங்களுக்கு வருவது உவர்ப்பான, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கடின நீர் என்று எழுதியிருந்தீர்கள். சீன ஆய்வாளர்கள் 2024இல் காட்டியபடி, அத்தகைய நீரைக் கொதிக்கவைக்கும்போது அந்தச் சுண்ணாம்புப் படிவு துகள்களையும் பொதிந்துகொண்டு அடியில் இறங்குகிறது. மிகக் கடினமான நீரில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீங்கியது, மென்நீரில் கால் பங்கே. ஆய்வகத்தில் கிடைத்த முடிவு அது, உங்கள் அடுக்களையில் அதே அளவு கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கிருமிக்காக எப்படியும் கொதிக்கவைக்கப் போகிறீர்கள். ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, அசையாமல் ஆறவிட்டு, அடிமண்டியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் நெருக்கமான பருத்தித் துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.